உங்கள் மாமாவின் மூன்றாம் குரல்

கண்ணுகளா, பரண்மேல் சாக்கில் சுற்றி வைத்திருப்பது உடைந்த டைப்ரைட்டர் என்று நீங்கள் ரெண்டு பேரும் முடிவு கட்டிவிட்டீர்கள். அது கம்ப்யூட்டர். உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், அதில்தான் பாட்டுக் கட்டினார். அதற்குத் தனியாகத் திரை கிடையாது. டி.வி. பெட்டியின் பின்னால் செருகினால் படமும் அதில்தான், சத்தமும் அதில்தான். செய்ததைப் பத்திரப்படுத்தப் பாட்டுக் கேசட். இன்றைக்கு உங்கள் போனில் விரலை வைத்தால் மேளம், வயலின், குழல் எல்லாம் கூட்டமாக ஓடிவருகின்றன. அந்தப் பெட்டிக்குள் இருந்தது மொத்தமே மூன்று குரல்கள், ஒரு நேரத்தில் மூன்று சுரம்தான் எழும்.

எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமான புதிது. தொண்ணூற்றெட்டு வாக்கில் இருக்கும். மலைமேல் திண்ணனூர் நாட்டில் மாமா ஊட்டில்தான் எல்லோரும் இருந்தோம். அவரும் நானும் கல்யாணத்துக்குப் பல வருஷம் முன்பிருந்தே கூட்டாக மைக்செட் வைத்திருந்தோம். கோயில் நோம்பியோ காதுகுத்தோ, பெரிய கூம்புக் குழாய் ஸ்பீக்கர்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடப்போம். மிச்ச நாளெல்லாம் மிளகும் மரவள்ளியும். அடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்று பழசாகிவிட்டதென்று கழித்துப்போட்ட அந்தப் பெட்டியை மாமா மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தார். கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாராம். பக்கத்து சீட்டு அம்மா, “ஏனுங்க, பால் குடுத்தீங்களா?” என்று கேட்டதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கூடவே வந்த தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை ஒவ்வொரு சொல்லாக முட்டி மோதிப் படித்தார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எண். எண் பெரிதானால் குரல் இறங்கும், சிறிதானால் ஏறும். அடிக்குரலைத் தவில் மாதிரி முட்டவிடுவார். நடுக்குரலில் மெட்டை நடத்துவார். மூன்றாவதை உச்சியில் சுற்றிச் சுற்றி மினுங்கவிடுவார். வேறொரு வாத்தியம் வேண்டுமென்றால் மூன்றில் ஒன்று ஒரு நொடி தன் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து அதையும் வாசிக்க வேண்டும். “நாலாவது ஆளுக்கு எடமில்ல மாப்ள. இருக்கறதுல ஒருத்தன் ரெண்டு ஆள் வேல பாக்கோணும், நம்ம மைக்செட்டாட்டம்,” என்பார். அந்த வருஷ நோம்பிக்குச் சினிமாப் பாட்டுக்குப் பதிலாகத் தன் பாட்டுத்தான் குழாயில் பாடும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். சொன்னபிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டு நன்றாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

பாதிப் பாட்டில் வந்தது வினை. “மூணாவது கொரல் மங்குது மாப்ள,” என்றார் ஒரு நாள். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அவர் காது பாட்டுக்காரன் காது, என் காது கம்பி இழுக்கிறவன் காது என்று நினைத்துக்கொண்டேன். மைக்செட்காரன் புத்தி முதலில் ஒயரைத்தானே சந்தேகப்படும்? ஒயரை மாற்றினேன். டி.வி.யின் ஸ்பீக்கரை மாற்றினேன். பிளக்கைச் சுரண்டித் துடைத்தேன். அவரோ மூன்றாம் குரலின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் அது தகரத்தில் ஆணியால் கீறுவது போல ஆகிவிட்டது. முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த உங்கள் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவரோ பெட்டிமேல் தலையைச் சாய்த்து, “ம்ஹூம், இன்னும் வரல,” என்றார்.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரம். மழை விட்டு மரமெல்லாம் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. மலையில் அந்தச் சத்தம் வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் குரலை உயர்த்த வேண்டும். மாமா வாசலில் நின்று சொன்னார்: “ஏன் மாப்ள, இந்த வருசம் சில்வண்டே கத்தலியே. மருந்தடிச்சு எல்லாத்தையும் கொன்னுபோட்டானுகளா?”

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அத்தனை வருஷம் குழாய்க்கு நேர் கீழே நின்று சத்தம் சரிபார்த்தவர் அவர்தான். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கம் நின்றவன்.

“நீங்க சொல்லுங்க,” என்றாள் அடுப்பங்கரையில்.

“உன்ற அண்ணன்தானே, நீ சொல்லு.”

“நாஞ் சொன்னா ஒடஞ்சுபோயிரும் அது. நீங்கன்னா திட்டிப்போட்டாவது கேக்கும்.”

விடிந்தும் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. காது போனால் மைக்செட் போகும், அது பெரிதில்லை. பாட்டு போனால் அந்த மனுஷர் என்ன ஆவார்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டார். ஈயம் உருக்குகிற சால்டரிங் அயனை மாட்டிச் சூடேற்றினார். சத்தம் போடுகிற ஐ.சி.யைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போய், அதே மாதிரி வேறொன்று தேடப்போவதாகச் சொன்னார். அது எங்கேயும் கிடைக்காது என்று அவருக்கே தெரியும். பிடுங்கும்போது அதன் கம்பிக் கால் ஒன்று ஒடிந்தாலும் பெட்டியும் முடிந்தது, பாட்டும் முடிந்தது. அயன் முனையிலிருந்து புகை எழும்பியது. அவர் குனிந்தார்.

“மச்சா, ஐ.சி. நல்லாத்தானுங்க இருக்குது.”

“அப்பறம் எதுல கோளாறு? நீயும் எல்லா ஒயரையும் மாத்திப்போட்டியே.”

வெளியே மரத்தைக் காட்டினேன். “சில்வண்டு கத்துதுங்க மச்சா.”

அவர் மரத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

“இப்பவுமா?”

“இப்பவுந்தானுங்க.”

அவர் திட்டவில்லை. அயனின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அது ஆறுகிறவரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மூடியை எடுத்து மூடி, ஒவ்வொரு திருகாக முடுக்கினார்.

சேலம் ஆஸ்பத்திரியில் கீச்சுச் சத்தத்துக்கான காது நரம்பு தேய்ந்துவிட்டது, திரும்பாது என்றார்கள். மீதியாவது நிற்க வேண்டுமானால் குழாய் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னார்கள். பஸ்ஸில் ஏறி வரும்போது வளைவுக்கு வளைவு அவர் என்னிடம் ஏதாவது கேட்பார் என்று பயந்துகொண்டே வந்தேன். ஊட்டுக்கு வந்ததும் பெட்டியை மாட்டி, மூன்றாம் குரலின் எண்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கத் தொடங்கினார். தனக்கு எட்டுகிற இடத்துக்கு அதை இறக்கினார். நடுக்குரலுக்கும் அதற்கும் இடம் போதாமல் ஒன்றை ஒன்று இடித்தன. ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக்கொள்ளும்படி மாற்றி மாற்றி எழுதினார். நோம்பி நெருங்க நெருங்க உங்கள் அம்மா கும்பிடாத சாமி இல்லை.

நோம்பியன்று அந்தப் பாட்டு கேசட்டிலிருந்து குழாயில் பாடியது. மாமா தூரத்தில், பாறைமேல் உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்றவர்கள் முதலில் முழித்தார்கள். ஒருத்தர், “என்னப்பா இது, எருமைக்குத் தொண்ட கட்டுன மாதிரி?” என்றார். இன்னொருத்தர், “எருமையானாலும் தாளம் தப்பலயே,” என்றார். திரும்பப் போடச் சொன்னார்கள். பாறைமேல் மாமாவின் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

எல்லோரும் சாப்பிடப் போனபின், ஒயர் சுற்ற நான் மட்டும் நின்றேன். அவர் முதலில் பதிந்து வைத்திருந்த பழைய பாட்டு, அந்தக் கீறல் பாட்டு, இன்னொரு கேசட்டில் பைக்குள் இருந்தது. குழாய்களைக் கழற்றிவிட்டு, சோதனைக்கு வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கரில் அதைப் போட்டேன். ஆம்ப்ளிஃபயரில் கீச்சுச் சத்தத்தைக் குறைக்கிற ட்ரெபிள் குமிழை இடது கோடி வரைக்கும் திருகினேன். அடிக்குரல் முட்டியது. நடுக்குரல் நடந்தது. மூன்றாவது, அவர் சொன்ன மாதிரியே மங்கி, கதவுக்கு அந்தப்புறம் யாரோ பேசுகிற மாதிரி எங்கேயோ இருந்தது. பாட்டு முடிகிறவரைக்கும் அந்தக் குமிழை நான் திருப்பவில்லை.