மினுக்கிய நண்டு

நோர்வேயின் ரொம்மன் பகுதியில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் சூசைரட்ணம் அண்ணருக்குக் களைப்பு கூடப் பிறந்ததுபோல. அலுவலகங்களைத் துப்புரவு செய்தே முழங்கால் தேய்ந்துவிட்டது. உட்கார ஒரு 'அம்மா', எழும்ப ஒரு 'அம்மா'. பழைய கிரேக்க நகரங்களின் வெள்ளிக்காசுகளைக் கையில் எடுக்கும்போது மட்டும்தான் அந்த மனிதர் முகம் மலரும். எல்லாம் சுண்டுவிரல் நகமளவு. ஒன்றில் ஆந்தை, ஒன்றில் ஆமை. அவருடைய செல்லம் அக்ரகாஸ் நகரத்து நண்டு. பள்ளங்களில் கறுப்பு படிந்திருப்பதால்தான் அதன் கால்களே கண்ணுக்குத் தெரியும்.

"இருக்கிற குப்பை காணாதெண்டு இந்த ஊத்தைக் காசு வேற" என்று மனைவி அருள்நாயகி அக்கா புறுபுறுப்பார். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க வேலை செய்து முறிந்துவிட்டு வருகிறவர், அவரையும் குறை சொல்ல முடியாது.

நாணயச் சங்கத்தில் அண்ணர் பல வருடமாகக் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருந்தவர். போன மாதம் அவரையே ஒரு காசைக் காட்டிப் பேசச் சொன்னார்கள். நண்டைப் பற்றிப் பேச வேண்டியதை வேலைக்குப் போகும் ரயிலில் நோர்வேஜிய மொழியில் பாடமாக்கினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அக்கா பையில் வைத்து அனுப்பிய பெட்டியை அங்கே திறந்ததும் பற்பசை வாசம் வந்தது. திருநாளுக்குச் செபமாலையை மினுக்குவதுபோல அக்கா நண்டையும் தேய்த்திருந்தார். கறுப்பு போய்விட்டது, அதோடு நண்டும் போய்விட்டது. பளபளவென்று ஒரு தகடுதான் மிச்சம்.

சங்கத் தலைவர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். "ஐயோ, யார் இதைத் தேய்த்தது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் அண்ணர். பாடமாக்கிய பேச்சு முழுதும் மறந்துபோய், திரும்பவும் கடைசி வரிசைக்கே போய் இருந்துவிட்டார்.

எனக்கு அக்காவில் பொல்லாத கோபம். நேரே கேட்கத்தான் போகிறேன் என்றேன்.

"பேசாமல் வா" என்றார் அண்ணர்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கதவடியிலேயே நின்றார். வேலை உடுப்புக்கூட மாற்றவில்லை.

"சங்கத்தில அவை என்ன சொன்னவை? அவ்வளவு சனத்துக்கு முன்னால நீங்கள் வெக்கப்படக்கூடாதெண்டுதான் மினுக்கி விட்டனான். கண்டவையோ?"

"ஓம், எல்லாரும் கண்டவை."

அக்காவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அத்தனை வருடத்தில் முதல்முறையாக ஆசையோடு அந்தப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"மற்றதுகளையும் தாங்கோ, மினுக்கி வைக்கிறன்."

அண்ணர் பெட்டியின்மேல் கையை வைத்தார். "வேண்டாமப்பா, நீர் களைச்சுப்போய் நிக்கிறீர்."

அக்காவின் முகம் வாடிப்போனது. அண்ணர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையை எடுத்தார். ஆமையை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதை மட்டும் மினுக்கும்" என்றார். "மெல்லமாய்."