நான் காட்டிய இடத்தில் தண்ணீர் இல்லை

1. நூற்றெண்பது அடி

"அம்மா, வெறும் புகைதான் வருது. தண்ணி வாசனையே இல்ல. நிறுத்திடவா?"

போர்வெல் போடும் ரிக்கின் டிரில்லர் காசிம் பாய் கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார். நூற்றெண்பது அடி இறங்கியிருந்தது. குழியிலிருந்து சாம்பல் நிறத்தில் பாறைத்தூள் பறந்து எல்லோர் தலையிலும் படிந்திருந்தது. நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த ஒரு கோடை அது. அரசின் நிலத்தடி நீர் ஆய்வுப் பிரிவில் நான் ஜியோபிசிக்ஸ் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஃபீல்டுக்குப் போகிற பெண் எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான். எந்த இடத்தில் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடலாம் என்று கருவி வைத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை.

இடம், செம்பாக்கம் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. பன்னிரண்டு படுக்கை. அங்கிருந்த கிணறு தரை தட்டிவிட்டது. மேட்ரன் ஞானசுந்தரி அம்மாள் ரிக் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். அதட்டிப் பேசுகிறவர், அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார்.

"தண்ணி இல்லாம பிரசவம் பார்க்க முடியாதும்மா. திங்கக்கிழமையிலேருந்து மூடிடச் சொல்லி ஆர்டர் வந்தாச்சு. நேத்து சேலையூர்லேருந்து ஒரு பொண்ணு வலியோட வந்தா. மெட்ராசுக்குப் போன்னு சொல்லிட்டேன். மாட்டு வண்டியிலதான் ஸ்டேஷனுக்குப் போனா. போய்ச் சேர்ந்தாளான்னுகூடத் தெரியல."

போர் போட்ட இடத்தைக் குறித்துக் கொடுத்தவள் நான்தான்.

2. ரீடிங் ஏன் ஏறவில்லை?

எங்கள் கருவியைப் பற்றி இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நேர்கோட்டில் நான்கு இரும்புக் கம்பிகளை அடித்து, வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரத்தை மண்ணுக்குள் விடுவோம். உள்ளே இருக்கிற இரண்டு கம்பிகளில், மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று ரீடிங் எடுப்போம். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால் இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியவரும். கெட்டிப் பாறை மின்சாரத்தை விடாது, ரீடிங் ஏறும். மக்கிய பாறையில் தண்ணீர் இருந்தால் ரீடிங் குறைவாக இருக்கும். தாம்பரம், பல்லாவரம் பக்கமெல்லாம் அடியில் இருப்பது சார்னகைட் என்கிற கருங்கல். எங்கே அளந்தாலும் கொஞ்ச ஆழத்தில் ரீடிங் ஏறியே தீரும்.

ஆஸ்பத்திரி பின்புறம் நான் எடுத்த வரிசையில் அது ஏறவே இல்லை. அந்த இடத்தில் மட்டும் பாறை ஆழமாக மக்கியிருக்கிறது, நிறையத் தண்ணீர் இருக்கும் என்று சந்தோஷமாகக் குறித்துக் கொடுத்திருந்தேன்.

ஆனால் குழியிலிருந்து வந்த தூள் வேறு கதை சொன்னது. முப்பதடியிலேயே கெட்டிப் பாறை. அப்படியானால் என் ரீடிங் ஏன் ஏறவில்லை?

ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஃபீல்டு நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு எழுந்து, ஜீப்பில் இருந்த கருவியை இறக்கச் சொன்னேன். அதே இடத்தில், பழைய கோட்டுக்குக் குறுக்காகக் கம்பிகளை அடிக்கச் செய்தேன். மண் காய்ந்து கிடந்ததால் கம்பிகளின் காலில் உப்புத் தண்ணீர் ஊற்றினோம்.

ரீடிங் ஐந்து மடங்கு ஏறியது.

ஒரே இடம், திசை மட்டும்தான் வேறு. பாறை அப்படி மாறாது. பழைய கோட்டின் மேலேயே தோண்டச் சொன்னேன். மூன்றடியில் கடப்பாறை டங்கென்று இடித்தது. துருப்பிடித்த இரும்புக் குழாய். உலக யுத்த காலத்தில் யாரோ புதைத்துவிட்டு மறந்துபோனது. நான் கம்பி அடித்த கோட்டுக்கு அடியிலேயே அது நீளமாகப் போயிருந்தது. மின்சாரம் முழுக்க அதில் ஓடியிருக்கிறது. பாறை என்று நினைத்து இரும்பை அளந்திருக்கிறேன்.

காசிம் பாய் குழியை எட்டிப் பார்த்தார்.

"மூடிடலாம்மா. கல்லு காஞ்சி கீதுன்னு எழுதிக் குடுத்துடுங்க. பத்து போர் போட்டா நாலு இப்டிதான் பூடுது. எவன் கேக்கப் போறான்?"

என் மேல் இருந்த அக்கறையில்தான் அவர் அதைச் சொன்னார். உண்மையிலேயே யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் 'பாறை வறண்டது' என்று எழுதினால் அந்த இடத்துக்கு மறுபடியும் ரிக் வராது. ரிக் மறுநாள் காலை மதுராந்தகம் போவதாக இருந்தது. இரண்டும் நடந்தால் ஆஸ்பத்திரிக்குப் பூட்டுதான்.

"மூட வேண்டாம் பாய். நான் வர்ற வரைக்கும் ரிக்கை நகர்த்தாதீங்க," என்று சொல்லிவிட்டு, மெட்ராஸில் இருந்த எங்கள் ஆபீசுக்குப் போகத் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்தேன்.

3. "தப்பு யாரோடது?"

எங்கள் பிரிவின் சீனியர் ஜியாலஜிஸ்ட் வரதராஜன் சார் கோபக்காரர். என் நோட்டைப் பிரித்து, இரண்டு திசையிலும் எடுத்த ரீடிங்குகளின் கிராஃபைப் பார்த்தார்.

"தப்பு யாரோடது?"

"என்னோடது சார். குறுக்கு லைன் எடுத்திருக்கணும். எடுக்கல."

"இதுக்குத்தான் பொம்பளைங்களை ஃபீல்டுக்கு அனுப்பாதேன்னு சொல்றாங்க. நாளைக்கு அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மேஜை மேலிருந்த ஃபைல் கட்டைக் காட்டினேன்.

"ஆம்பளைங்க போட்ட ஃபெயிலியர் போர் ஃபைல்ல நிறைய இருக்கு சார். ஒண்ணுலயும் காரணம் எழுதல. நான் எழுதித் தர்றேன். எனக்கு ஒரே ஒரு நாள் ரிக் வேணும்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு மேலதிகாரி என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு பேனாவை எடுத்தார்.

"ஒரு நாள். நாளை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரிக் கிளம்பணும்."

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தோம். ஐந்து இடங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்தேன். ஏரிப் பக்கத்து மூலையில் ஓரிடத்தில் இரண்டு திசையிலும் ரீடிங் ஒன்றுபோல் இறங்கி, பிறகு மெதுவாக ஏறியது. பத்து மணிக்குக் காசிம் பாய் அங்கே துளையிடும் பிட்டை இறக்கினார்.

எண்பது அடியில் புகை. நூறடியில் புகை. மேட்ரன் வார்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நூற்றுப்பன்னிரண்டில் தூள் ஈரமாகி உருண்டை உருண்டையாக விழ ஆரம்பித்தது. காசிம் பாய் அதை விரலில் நசுக்கிப் பார்த்தார். நூற்றிருபதில் புகை சட்டென்று நின்றது. ஒரு நிமிஷம் எதுவும் வரவில்லை. அப்புறம் சேறும் தண்ணீருமாக ரிக் உயரத்துக்கு எழும்பி எங்கள் எல்லோர் மேலும் கொட்டியது.

"அம்மா! பாறை பொளந்து கீது! தண்ணி பாருங்கம்மா, தண்ணி!"

மேட்ரன் வெள்ளைப் புடவையோடு ஓடி வந்து அந்தச் சேற்றில் நின்றார். ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. மேட்ரன் அதை உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தார்.

"லேசா உப்பு. பரவாயில்ல. இனிமே யாரையும் வண்டி ஏத்தி அனுப்ப மாட்டேன்."

V வடிவில் வெட்டிய வி-நாட்ச் பலகை வைத்து நீர் வரத்தை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். ஐந்து மணிக்கு ரிக் கிளம்பியது.

4. காரணம் என்கிற கட்டம்

வறண்ட போருக்கான அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: 'ஆய்வாளரின் பிழை. புதைந்த இரும்புக் குழாய் கவனிக்கப்படவில்லை.' கீழே என் கையெழுத்து. வரதராஜன் சார் அதன் நகலை எல்லா ஃபீல்டு பார்ட்டிக்கும் அனுப்பி, இனிமேல் ஒவ்வொரு இடத்திலும் குறுக்கு லைன் கட்டாயம் என்று உத்தரவு போட்டார். நான் ஓய்வு பெறும் வரை அந்த உத்தரவு நடைமுறையில் இருந்தது.

சில வருஷங்கள் கழித்துப் பதவி உயர்வுக்கான நேர்காணலில், நீங்கள் செய்ததில் சிறந்த வேலை எது என்று கேட்டார்கள். அதற்குள் எத்தனையோ ஊர்களில் தண்ணீர் காட்டியிருந்தேன். செம்பாக்கத்தில் வறண்டுபோன போர் என்று சொன்னேன். ஒருவர் சிரித்துவிட்டார். அதன் அறிக்கையைப் படித்திருந்த இன்னொருவர் சிரிக்கவில்லை. அந்த வருஷம் எனக்கு உயர்வு கிடைத்தது.

இந்தத் துறைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். தண்ணீர் வந்த போருக்கு எல்லோரும் அறிக்கை எழுதுவார்கள். வராத போருக்கு, ஏன் வரவில்லை என்று உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த குழியை எங்கே போடுவது என்பது அதிலிருந்துதான் தெரியவரும்.