உள்ளே போகும் தோட்டா

என் மைத்துனருக்குக் கோவில்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை உண்டு; விளாத்திகுளம் சாலையில் மக்காச்சோளமும் உண்டு. காட்டுப்பன்றியைச் சாக்காக வைத்துத் தன் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கான உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பன்றியைச் சுட அனுமதி இல்லை, வானத்தைப் பார்த்துத்தான் சுடலாம் என்பது வேறு விஷயம். கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், தோட்டா வாங்கத் துப்பாக்கியோடு என்னையும் காரில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்.

அந்தத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம். கருமருந்துக் காலத்துச் சாமான். இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் இரண்டேமுக்கால். அரசாங்கம் துப்பாக்கியின் எண்ணைக் கேட்கும், வைத்திருப்பவரின் நடத்தையைக் கேட்கும். அறையின் நீளத்தை என் காலத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், வந்த பதில் சரியா என்று பார்க்கத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

கடைக்காரர் ஒரு தோட்டாவைச் செருகிக் காட்டினார். “சரியாப் போவுதுல்லா அண்ணாச்சி, பொறவு என்ன?”

போகத்தான் செய்யும். தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரண்டேமுக்கால், சுட்ட பிறகு உள்ள நீளம். சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் விரியும். விரிய இடமில்லை என்றால் அழுத்தம் ஏறும், பழைய குழல் பிளக்கும். குழலுக்கு அடியில் இருப்பது சுடுகிறவரின் இடது கை. இதைச் சொன்னேன். இதுவரை ஒருவரும் வந்து குறை சொன்னதில்லை என்றார் கடைக்காரர். கை போனவன் தோட்டா வாங்க வரமாட்டான் என்றேன்.

மைத்துனருக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. தோட்டாவைப் பிரித்து, தன் தொழிற்சாலை மருந்தை அளவாகப் போட்டு, நீளத்தையும் கத்தரித்துவிட்டால் தீர்ந்தது என்றார்.

“மருந்தப் பத்தி எனக்கே பாடம் நடத்துதீயளா மாப்ள? நம்ம ஊர்ல மருந்து தெரியாதவன் யாரு?”

எங்கள் பக்கத்து முதலாளிகள் எல்லாரும் இப்படித்தான். சரவெடி செய்யத் தெரிந்துவிட்டால் பீரங்கியும் தெரியும்.

விரல் போகும் என்றேன். சிரித்தார். தோட்டாவில் கை வைத்தது தெரிந்தால் துப்பாக்கி உரிமம் ரத்தாகும், அப்படியே தொழிற்சாலை உரிமத்தையும் தோண்டுவார்கள் என்றேன். சிரிப்பு நின்றது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப இத இங்கனயே விட்டுட்டுப் போயிரலாமா?”

விடலாம். அதற்கு விதி இருக்கிறது. கடைக்காரரின் பாதுகாப்பில் துப்பாக்கியை ஒப்படைத்தோம். கோவில்பட்டி வரும்வரை, உரிமத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததற்காக எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே, பத்து விரலாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டி வந்தார்.