வெள்ளைப் பூ வந்தால் ஆபரேஷன்

சாமியிடம் உத்தரவு கேட்கிறேன் என்று பூ கட்டிப் பார்ப்பவர்களைக் கண்டாலே இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

எழுபதுகளின் கடைசி. லாஸ்பேட்டையில் கல்லூரியில் கணக்குப் படித்தேன். தங்கியிருந்தது கருவடிக்குப்பத்தில் அக்கா வீட்டில். அக்காவின் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. சோறு இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போல மாமாவிடம் சொன்னார்: "ஆபரேஷன் பண்ணா பத்துல எட்டு பேரு பொழைச்சிக்குவாங்க. விட்டா கஷ்டம்."

மாமா, அதாவது அக்கா புருஷன், மில்லில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்ததும் என்னை மடக்கினார். "பத்து பேரு கதை எனக்கெதுக்கு? எம் பொண்டாட்டி ஒருத்தி. அவ எட்டுல இருக்காளா, ரெண்டுல இருக்காளா, அதைச் சொல்லு!"

என் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. இருந்தாலும் கத்தினேன். "அது தெரியாததாலதான் மாமா எட்டு இருக்கற பக்கம் போகணும்!"

"போடி, படிச்ச திமிரு" என்றாள் அக்காவின் மாமியார். பூ கட்டிப் பார்ப்பதென்று முடிவானது.

ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை. மாரியம்மன் முன்னால் குலுக்கிப் போட, மாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

முதலில் வெள்ளை வந்தது. "ஈரக் கையால எடுத்துட்டேன், செல்லாது" என்றாள் கிழவி. மறுபடி போட்டார்கள். சிவப்பு. உடனே கை காய்ந்துவிட்டது! "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா" என்று மாமாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சீ, என்ன ஜென்மங்கள்! வேண்டியது வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதற்குப் பெயர் நம்பிக்கையா?

"ஒண்ணுக்கு ஒண்ணு ஆச்சு. மூணாவது போடாம நகர மாட்டேன்" என்று கோயில் வாசலிலேயே உட்கார்ந்தேன். தெரு கூடிவிட்டது. மானத்துக்குப் பயந்து ஒத்துக்கொண்டார்கள். "நானே கட்டறேன்" என்று அக்கா பூவை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வெள்ளை வந்தது.

ஆபரேஷன் முடிந்து அக்கா பிழைத்து வந்தாள். மாமியார் கோயிலில் கூழ் ஊற்றினாள். "பூ பொய் சொல்லுமா?" என்று மாமா ஊரெல்லாம் அளந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். "ஏதோ தற்செயலா வெள்ளை வந்துச்சு. அதுக்கு இவங்க ஆடற ஆட்டத்தைப் பாரேன்!"

அக்கா தலையைத் தூக்கவில்லை. "ரெண்டுலயும் வெள்ளைதான்டி வெச்சேன்."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"டாக்டரு ஒண்ணு சொன்னாரு. இவங்க ஒண்ணு சொன்னாங்க. நீ வாசல்ல குந்திக்கினு கத்தின. பொழைக்கணும்னு ஆசையா இருக்குதான்னு என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?"