மச்சாளின் மொர்மொர்

எங்கள் வீட்டுத் தொலைபேசியில் எப்போதும் வெங்காய மணம் இருக்கும். உரித்த கையோடு ஓடிவந்து அம்மாதான் அதை எடுப்பார். பிரெஞ்சு நாட்டில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் கடை ஒன்றுக்கு மேலிருந்த அந்த வீட்டில், எனக்குப் பத்து வயதான ஆண்டு, சுவீடனிலிருந்த மாமியின் மகள், என் மச்சாள், சனிக்கிழமைகளில் தொலைபேசியில் சொல்லித்தரும் சுவீடிஷ் சொற்களைக் 'கொப்பி'யில் எழுதிவைப்பேன். அம்மாவின் அம்மா 'மொர்மொர்', அப்பாவின் அம்மா 'ஃபார்மொர்', அப்பாவின் சகோதரி, அதாவது மாமி, 'ஃபாஸ்தர்'. பிரெஞ்சில் பாட்டிமார் இருவருக்கும் ஒரே சொல். சுவீடன்காரரோ நம்மைப் போல அம்மம்மா, அப்பம்மா என்று பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை.

ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த காலம் அது. என் பாட்டிமார் இருவருமே வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். ஒரு செய்தியும் இல்லை. ஒரு சனி மத்தியானம் மச்சாள் அழைத்தாள். பின்னால் மாமி அழுவது கேட்டது. "மொர்மொர் செத்துப்போனா" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

எனக்குக் கொப்பியைப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. அம்மா சமைத்துக்கொண்டிருந்த 'குசினி'க்குப் போய், "அம்மம்மா செத்துப்போனாவாம்" என்றேன்.

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். வேலையிலிருந்து அப்பா ஓடிவந்தார். திரும்பத் திரும்ப அழைத்தும் சுவீடன் கிடைக்கவில்லை. அப்பா 'தேத்தண்ணி' போட்டு, "கொஞ்சம் குடியும். நான் இருக்கிறன்தானே" என்று அம்மாவின் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் மாமியே அழைப்பெடுத்தார். குரல் வெளியே கேட்டது. "அண்ணை, எங்கட அம்மா போயிட்டா. என்ர பிள்ளை சொன்னவள்தானே?"

"ஓம்" என்றார் அப்பா.

மச்சாளுக்கு அம்மம்மா என்றால் எனக்கு அப்பம்மா. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா முகத்தைத் துடைத்தார். பெரியதொரு மூச்சு வந்தது. "அப்ப என்ர அம்மா இருக்கிறா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அப்பா கையிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அன்று யாரும் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவில்லை.

அந்தத் தொலைபேசி இப்போது இல்லை. மச்சாளும் நானும் பிறந்தநாளுக்குப் படம் அனுப்புவதோடு சரி. என் மகளுக்கு உறவோடு ஆளின் பெயரையும் சேர்த்துச் சொல்லப் பழக்குகிறேன். மரியாதைக் குறைவாகப் படுமோ என்று யோசித்தாலும், விடுவதில்லை. அந்த நாளைப் பற்றி அப்பா என்னிடம் ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். ஓல்னேயிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஞாயிறுகளில் அம்மாவும் அப்பாவும் வரும்போது, முதல் கோப்பைத் தேத்தண்ணியை அப்பாவிடம்தான் நீட்டுகிறேன்.

"கொம்மாவுக்கு முதல் குடு, பிள்ளை" என்கிறார்.