மின்னல் முட்டையை விட்ட காரணம்

மின்னல் என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர்கள் அவள் நடையைப் பார்த்து வைக்கவில்லை. நடை ஆமை நடை. கை மட்டும்தான் மின்னல். குஞ்சு பொரிக்கும் பண்ணையில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. அன்றைக்குப் பொரித்த குஞ்சைக் கையில் எடுக்க வேண்டும், சிறகை விரலால் விரிக்க வேண்டும், பெட்டையா சேவலா என்று பிரிக்க வேண்டும். சிறகு நீளமும் குட்டையுமாக இருந்தால் பெட்டை. கத்தரித்து வைத்தது போல ஒரே அளவாக இருந்தால் சேவல். பெட்டை வலப்பக்கப் பெட்டிக்குப் போகும், வளர்ந்து முட்டையிடும். சேவல் முட்டையும் இடாது, அந்த இனம் கறிக்கும் தேறாது. அதனால் அது இடப்பக்கக் குழாய்க்குப் போகும். குழாய்க்கு அந்தப்புறம் அரைக்கிற இயந்திரம். மணிக்கு இரண்டாயிரம் குஞ்சு, அலுங்காமல் குலுங்காமல் பிரித்துத் தள்ளுவாள்.

அப்படிப்பட்டவள் திடீரென்று முட்டையை விட்டாள். கூடவே கறியையும் விட்டாள். அடுத்த மாதம் பாலும் போயிற்று. ஒருத்தி சாப்பிடாமல் விட்டால் ஊருக்கு என்ன நஷ்டம்? ஆனாலும் ஏன் என்று கேட்காத ஆள் கிடையாது. குடித்துவிட்டுத் தெருவில் உருளுகிறவனைக்கூட யாரும் இப்படிக் குடைந்து குடைந்து கேட்பதில்லை. எட்டு மணி நேரம் நின்ற காலோடும் மரத்துப்போன விரலோடும் வீடு திரும்புகிறவளுக்கு எல்லோருக்கும் பதில் சொல்லத் தெம்பு எங்கே இருக்கிறது? ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒன்றைச் சொல்லித் தப்பித்தாள். பண்ணை நர்ஸிடம் கொழுப்பு என்றாள். நாத்தனாரிடம் வேண்டுதல் என்றாள்; நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம், தன் மகன் பரீட்சைக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொல்லிவிட்டாள். உடை மாற்றும் அறையில் ஒரு சின்னப் பெண், இதற்கு வீகன் என்று பேரே இருக்கிறது என்று சொல்லி, பூமி சூடாவதைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். மின்னலும் ஆமாம், பூமிக்காகத்தான் என்று சொல்லி வைத்தாள். பூமி பாவம், அதுவும் ஒரு காரணமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தச் சாக்கெல்லாம் செல்லாத இடம் ஒன்று இருந்தது. அது அவள் புருஷன். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். மூன்று வருஷத்துக்கு முன்னால் முதுகெலும்பில் கத்தி வைத்த பிறகு ஸ்டியரிங் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வீட்டில் சும்மா கிடக்கப் பிடிக்காமல் சமையலைக் கையில் எடுத்தார். ஆரம்பத்தில் தீய்ந்தது, குழைந்தது, உப்புக் கரித்தது. பிறகு கை பழகிவிட்டது. அதிலும் முட்டையில் அவர் கைப்பக்குவமே தனி. வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்க வதக்கி, அடுப்பைத் தணித்து, ஓரம் முறுகாமல் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, அவள் வாய்க்குப் போகும் முதல் கவளத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதைத்தான் ஒருநாள் அவள் வேண்டாம் என்று தள்ளி வைத்தாள்.

அவர் வேறு கணக்குப் போட்டார். சம்பாதிக்காதவன் ஆக்கிப்போட்டது இவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று முடிவு கட்டினார். வாய் திறந்து கேட்கவில்லை, தன் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் அப்படியே ஓடிற்று. மின்னலுக்கு அது நன்றாகப் புரிந்தது. உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தாள். சொன்னால் அடுத்து ஒரு கேள்வி வரும், அதற்கான பதில் மனிதரை உடைத்துப் போட்டுவிடும் என்று தெரிந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம் அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்டபோது அடுத்த சட்டையை எடுத்தார். கீழே விழுந்த சட்டையைக் குனிந்து எடுக்க முடியாமல் காலால் இழுத்தார். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நடந்தது இதுதான். பண்ணையில் இயந்திரத்தைப் பழுது பார்த்தபோது குழாயை வலப்பக்கம் மாற்றிவிட்டார்கள், பெட்டி இடப்பக்கம் வந்தது. சூப்பர்வைசர் காலையிலேயே சொன்னார், அவளும் தலையாட்டினாள். தேநீர் இடைவேளை வரைக்கும் ஞாபகம் வைத்துப் பிரித்தாள். அதற்குப் பிறகு அசதியில் கை பழைய வழிக்குத் திரும்பிவிட்டது. மதியம் பெட்டியைத் திறந்தவர்கள் அலறினார்கள். பெட்டி நிறையச் சேவல். இரண்டு மணி நேரம் அவள் பிரித்த பெட்டை அத்தனையும் குழாயில் போயிருந்தது. சூப்பர்வைசர் திட்டக்கூட இல்லை, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அத்தனையும் நல்ல குஞ்சும்மா" என்றார். கூட வேலை செய்தவர்கள் வரிசையாக வந்து துக்கம் விசாரித்தார்கள், ஒருத்தி அழுதே விட்டாள்.

மறுநாள் அவள் சரியாகப் பிரித்தாள். சேவலாகக் குழாயில் போன உயிர்களும் முந்தின நாளுக்குக் குறைவில்லை. யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கைல எடுத்தா ரெண்டும் ஒரே கனம்தாங்க. ரெண்டும் ஒரே மாதிரிதான் கத்துது" என்றாள். "அன்னைக்கு வீட்டுக்கு வந்தா நீங்க முட்டை போட்டு வெச்சிருந்தீங்க. என்னால முடியல. உங்க கையில குத்தம் இல்ல."

பாலை விட்டதற்கும் இதே கதைதான். மாட்டுப் பண்ணையில் முன்பு வேலை பார்த்த தீவன லாரிக்காரரிடம், பால் தராத காளைக்கன்று பிறந்தால் என்ன செய்வார்கள் என்று ஒருநாள் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

புருஷன் மடித்த சட்டையை மடியில் வைத்து அதன் காலரை நீவிக்கொண்டிருந்தார். முகத்தில் இரண்டு மாதமாக இருந்த இறுக்கம் தளர்ந்தது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் அவள் பயந்துகொண்டிருந்த அந்தக் கேள்வி வந்தது.

"அப்புறம் ஏன் இன்னும் அந்த வேலைக்குப் போற?"

பழகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வேறு தொழில் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் நாக்கு நுனியில்தான் இருந்தன. ஆனால் சாக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அவர் இடுப்பில் இருந்த பட்டையைப் பார்த்தாள்.

"எனக்காகவா?" என்றார்.

"ஆமா" என்றாள். "சாப்பிடாம இருக்கறது ஒண்ணுதான் என் கைல இருந்துது. அத மட்டும் எனக்கு விட்டுடுங்க."

அவர் அழுதார். கத்தி வைத்த வலியிலும் அழாத மனிதர் சட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பாவி, சொல்லித் தொலைத்தோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். முதுகைத் தொட்டுத் தடவினால் வலிக்கும் என்று தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து போய்ப் பருப்பை அடுப்பில் ஏற்றினார். இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பை கட்டிலிலேயே கிடந்தது.

மறுநாள் விடியுமுன் அவள் கிளம்பும்போது அவரும் எழுந்து வந்தார். வழக்கமாகப் பார்த்துப் போ என்பார். அன்றைக்கு அவள் ஷூவைக் கட்டி முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். ஆறு மணிக்கு முதல் தட்டு வந்தது, நூறு குஞ்சு. அவள் ஒன்றை எடுத்துச் சிறகை விரித்தாள்.