அயர்ன் மேசையில் காய்ந்த பொட்டலங்கள்

அத்தையின் கேமரா லென்ஸைப் பாழாக்கியது நான்தான். மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே ஒப்புக்கொண்டுவிட்டேன். அத்தை மட்டும் இன்றுவரை நம்ப மாட்டேன் என்கிறாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. காதர்பேட்டை வியாபாரிகளுக்குக் குழந்தை பனியன்களைப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நிச்சயமானதும், அலைந்தது போதும் என்று அப்பா அந்தக் கேமராவைப் புதுப் பனியன் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அது அடைமழைக் காலம்.

"ஈரத்துல லென்ஸுக்குள்ள பூஞ்சை வந்துருமுங்கண்ணா. கல்யாணத்துக்கு அப்புறமும் நான் படம் எடுக்கோணுமுங்க" என்றாள் அத்தை.

"பத்திரமாத்தான் இருக்குது அம்மிணி" என்றார் அப்பா.

அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஈரத்தை உறிஞ்ச அட்டைப்பெட்டிக்குள் போடுகிற குட்டிப் பொட்டலங்கள் கொஞ்சம் கொண்டுவந்தாள். கேமரா பக்கத்தில் அவற்றை வைப்பதும், ஞாயிறுதோறும் எடுத்துக் காயவைப்பதும் என் வேலை. அதற்கு மட்டும் அப்பா சிரித்துக்கொண்டே சாவி தருவார்.

"சூடு காட்டுனா ஈரம் போயிரும் கண்ணு" என்று அத்தை சொல்லியிருந்தாள். வெயிலோ இல்லை. எங்கள் வீதியில் சூடு என்றால் எதிர்வீட்டு அயர்ன் மேசைதான். பனியனை விரித்து அயர்ன் பெட்டியை வைத்தால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். பொட்டலங்களை அங்கே அடுக்கி, கை பொறுக்காத சூட்டோடு ஓடிவந்து பீரோவில் வைப்பேன். ஆவியும் தண்ணீர்தான் என்பது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை. ஏழெட்டு வாரம் அந்த லென்ஸுக்கு நானே ஈரம் ஊட்டியிருக்கிறேன்.

தை பிறந்ததும் ஒரு வியாபாரி படம் கேட்டு ஆளனுப்பினார். அத்தை சாவி வாங்கிப் பீரோவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

"துடைச்சாப் போயிருமா அத்தை?"

"உள்ளுக்குள்ள இருக்குது கண்ணு."

அவள் குரல் உடைந்தது. அயர்ன் மேசைக் கதையை அழுதுகொண்டே சொன்னேன். அத்தை என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நீ ஒண்ணும் பண்ணலை" என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் பண்ணவில்லை என்றால் வேறு யார் பண்ணியது?

அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. என் தலையைத் தடவிவிட்டு, "போச்சாது உடு அம்மிணி. இனி உனக்கு எதுக்கு அது?" என்றார். அவ்வளவு பிரியமாகத்தான் சொன்னார். அடி விழாத சந்தோஷத்தில் நான் விளையாட ஓடிவிட்டேன்.

அன்றிலிருந்து கல்யாணம் வரை அத்தை தினமும் எனக்குத் தலை பின்னிவிட்டாள், சோறு ஊட்டினாள். அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்புப் பண்ணின என்னிடம் பேசுகிறாள், ஒன்றுமே செய்யாத அப்பாவிடம் ஏன் பேசுவதில்லை என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.